கடைக் கரண்ட் பில்லில் அரசின் சலுகையைக் கேட்டு வாங்குவது எப்படி: பிரித்தானியாவில் கடை நடத்தும் தமிழர்களுக்கு

வடமேற்கு லண்டனில் தமிழ்க் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். மளிகைக் கடை, புடவைக் கடை, தையல் கடை, டேக்அவே, அவற்றோடு ஒரு கோயிலின் கணக்கும் என் மேசைக்கு வருகிறது. 2022இல் கரண்ட் விலை ஏறியதிலிருந்து இவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "கரண்ட் பில்லுக்குக் கவர்மெண்ட் ஏதோ குடுக்குதாமே, அதுக்கு எப்பிடி எழுதிப் போடுறது?"

எழுதிப் போட்டால் காசோலை வருகிற மாதிரி ஒரு திட்டம் சிறு கடைகளுக்கு இப்போது இல்லை. ஆனால் சட்டத்தில் உள்ள சலுகைகளும் உரிமைகளும் சில இருக்கின்றன. அவற்றில் பல, கடைக்காரர் கேட்காததால் மின் கம்பனியிடமே கிடக்கின்றன. அவற்றை எப்படிக் கேட்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். இது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்துக் கடைகளுக்கு. வட அயர்லாந்தில் விதிகள் வேறு.

முன்பு வந்த உதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் ஏமாற்றுகிறார்கள். 2022 அக்டோபர் 1 முதல் 2023 மார்ச் 31 வரை எனர்ஜி பில் ரிலீஃப் ஸ்கீம் இருந்தது. மொத்தச் சந்தை விலை மின்சாரத்துக்கு யூனிட் (பில்லில் kWh என்று இருப்பது) 21.1 பென்ஸ், காஸுக்கு 7.5 பென்ஸ் என்று அரசு ஒரு கோடு போட்டு, அதற்கு மேலே போன விலையில் கழிவு தந்தது. அடுத்த ஒரு வருடம் எனர்ஜி பில்ஸ் டிஸ்கவுண்ட் ஸ்கீம். அதில் சாதாரணக் கடைக்குக் கிடைத்த உச்சக் கழிவே மின்சாரத்துக்கு 1.961 பென்ஸ், காஸுக்கு 0.697 பென்ஸ்தான். 2024 மார்ச் 31உடன் அதுவும் முடிந்துவிட்டது. இந்த இரண்டுக்கும் சாதாரணக் கடைக்காரர் யாரும் விண்ணப்பம் போடவில்லை. கம்பனியே பில்லில் கழித்துத் தந்தது. ஆகவே "எனர்ஜி கிராண்ட் எடுத்துத் தாறம், பாங்க் விபரம் தாங்கோ, ஒரு சின்ன ஃபீஸ் கட்டுங்கோ" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். இன்று செய்தியில் அடிபடும் பெரிய சலுகைகள் இரும்பு, இரசாயனம், கண்ணாடி போன்ற ஆலைகளுக்கும் உற்பத்தித் தொழில்களுக்கும் உரியவை. சில்லறைக் கடைக்கு அவை வராது. மின்சார, காஸ் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஆஃப்ஜெம் வீடுகளுக்குப் போடும் விலை உச்சவரம்பும் கடைக்குக் கிடையாது.

முதலில் பில்லை முழுதாகப் படியுங்கள்

கடந்த பன்னிரண்டு மாத பில்களை எடுத்து வையுங்கள். கடைசித் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். ஒவ்வொரு பில்லிலும் இந்த விஷயங்களைப் பேனாவால் வட்டமிடுங்கள்: மீற்றர் ரீடிங் உண்மையில் எடுத்ததா, உத்தேசமா; மொத்தம் எத்தனை யூனிட்; யூனிட் விலை; ஸ்டாண்டிங் சார்ஜ் (பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும் நாளுக்கு நாள் விழும் கட்டணம்); வாட் வரி 20 வீதமா 5 வீதமா; கிளைமேட் சேஞ்ச் லெவி (வியாபாரங்களின் மின்சாரத்துக்கும் காஸுக்கும் அரசு போடும் இன்னொரு வரி) போட்டிருக்கிறதா; ஒப்பந்தம் எப்போது முடிகிறது.

உத்தேச ரீடிங்கில் ஓடும் பில் சிறு கடைக்கு இரண்டு வழியில் நட்டம். பாவிக்காத கரண்டுக்குக் காசு போவது ஒன்று. மற்றது, உத்தேசத்தைக் கூட்டிப் போட்டால் வரிச் சலுகையின் எல்லையையும் தாண்டவைத்துவிடும். இதை அடுத்து விளக்குகிறேன். மாதத்தின் கடைசி நாளில் மீற்றரைப் போனில் படம் எடுத்து அன்றே கம்பனிக்கு அனுப்பிவிடுங்கள். ஸ்மார்ட் மீற்றர் போடச் சொல்லிக் கேட்பது இன்னும் நல்லது.

5 வீத வாட்: அதிகம் பேருக்குத் தெரியாத சலுகை

கடைக்கு வரும் மின்சாரத்துக்கு வழமையாக வாட் 20 வீதம். ஆனால் குறைவாகப் பாவிக்கும் இடங்களுக்கு 5 வீதம்தான். மின்சாரம் என்றால் சராசரியாக நாளுக்கு 33 யூனிட், அதாவது மாதம் 1,000 யூனிட்டுக்கு மேற்படக் கூடாது. காஸ் என்றால் மாதம் 4,397 யூனிட்டுக்கு மேற்படக் கூடாது. இந்த எல்லைக்குள் இருந்தால் கிளைமேட் சேஞ்ச் லெவியும் விலக்கு. அந்த லெவி 2025 ஏப்ரலில் யூனிட்டுக்கு 0.801 பென்ஸாக உயர்ந்தது.

நான்கைந்து குளிர்பெட்டி ஓடும் மளிகைக் கடை இந்த எல்லைக்குள் நிற்காது. ஆனால் தையல் கடை, நகைக் கடை, புடவைக் கடை, பியூட்டி பார்லர், ட்யூஷன் சென்டர், பயண முகவர் அலுவலகம் இவற்றில் நிறைய நிற்கும். ஒரு கணக்குப் பார்ப்போம். மாதம் 700 யூனிட் ஓடும் ஒரு தையல் கடை. யூனிட் 27 பென்ஸ். கரண்டுக்கு மட்டும் 189 பவுண். 20 வீதம் வாட் 37.80 பவுண், 5 வீதம் என்றால் 9.45 பவுண். வித்தியாசம் 28.35 பவுண். லெவியும் அதற்கு மேல் போடும் வாட்டும் சேர்த்து இன்னும் 6.73 பவுண். மாதம் 35 பவுணுக்குக் கிட்ட. வருடத்துக்கு 420 பவுண். தையல் கடைக்கு இது சின்னக் காசில்லை.

எல்லைக்குள் இருந்தால் கம்பனி தானாகவே 5 வீதம் போடவேண்டும். ஆனாலும் தவறு நடக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு மாதக் கணக்கில் உத்தேச ரீடிங்கில் ஆயிரத்துக்கு மேலே பில் வந்துகொண்டிருந்தது. உண்மையான ரீடிங்குகளை அனுப்பியதும் பில்களைத் திரும்பப் போட்டு, கூடுதலாக எடுத்த வாட்டையும் லெவியையும் கணக்கில் வரவு வைத்தார்கள். கேட்டிருக்காவிட்டால் ஒருவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேட்கும் முறை எளிது. கம்பனிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். கணக்கு எண், மீற்றர் எண், ரீடிங் படங்கள், எந்தெந்த பில் என்ற விபரம், "இந்தக் காலத்தில் என் பாவனை நாளுக்கு 33 யூனிட்டுக்குக் குறைவு, குறைந்த வீத வாட்டையும் லெவி விலக்கையும் போட்டு பில்களைத் திருத்தித் தரவும்" என்ற ஒரு வசனம். இவ்வளவு போதும். பழைய பில்களுக்கும் கேளுங்கள். கூடுதலாகப் போன வாட்டை நான்கு வருடம் வரை பின்னோக்கித் திருத்த முடியும். போனில் பேசினாலும் அதன் பிறகு எழுத்தில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். பிறகு முறைப்பாடு என்று போனால் எழுத்துத்தான் நிற்கும்.

"நான் வாட்டுக்குப் பதிந்தவன், எனக்கென்ன, திரும்ப எடுத்துவிடுவேனே" என்று சிலர் சொல்வார்கள். சரிதான், வாட்டை எடுக்கலாம். லெவியை எடுக்க முடியாது. விற்றுமுதல் 90,000 பவுணுக்குக் கீழே இருந்து வாட்டுக்குப் பதியாதவருக்கோ இரண்டும் கையை விட்டுப் போன காசுதான். இந்தச் சலுகை சின்னக் கடைக்குத்தான் அதிகம் உதவும்.

மேல்மாடியில் குடும்பம் இருந்தால்

கீழே கடை, மேலே வீடு, இரண்டுக்கும் ஒரே மீற்றர். நம்மவர் கடைகளில் இது சாதாரணம். வீட்டுப் பாவனைக்கு வாட் 5 வீதம்தான். முழுப் பாவனையில் 60 வீதமாவது வீட்டுக்குப் போனால், முழு பில்லுக்கும் 5 வீதம், லெவியும் இல்லை. 60க்குக் குறைந்தால் வீட்டுப் பங்குக்கு மட்டும் 5 வீதம், கடைப் பங்குக்கு 20 வீதம். உதாரணத்துக்கு மொத்தம் 1,600 யூனிட்டில் வீட்டுக்கு 1,000 போனால் 62.5 வீதம், முழுதும் 5 வீதத்துக்கு வந்துவிடும். குளிர்பெட்டிக் கடை என்றால் வீட்டுப் பங்கு 25, 30 வீதமாக இருக்கலாம். அந்தப் பங்குக்காவது கேட்டு வாங்குங்கள்.

இது மட்டும் தானாக நடக்காது. கம்பனியிடம் வாட் சான்றிதழ் படிவம் கேட்டு, வீட்டுப் பங்கு எத்தனை வீதம் என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுக்கவேண்டும். வீதத்தை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வைத்திருங்கள். மேல்மாடிக்கு ஒரு உப மீற்றர் போட்டு சில மாதம் குறித்து வைப்பது மிகத் தெளிவான வழி. முடியாவிட்டால், கடையில் ஓடும் ஒவ்வொரு சாதனத்தின் சக்தியையும் ஓடும் நேரத்தையும் எழுதிக் கணக்குப் போட்டு, அந்தத் தாளை ஃபைலில் வையுங்கள். கூட்டி எழுதவே வேண்டாம். பிழையான சான்றிதழுக்கு அபராதம் கையொப்பமிட்டவர் தலையில்தான் விழும், கம்பனியின் தலையில் அல்ல.

கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் இதே படிவம்தான். தொண்டு அமைப்பாகப் பதிந்த கோயிலில் வழிபாட்டுக்கும் அறப்பணிக்கும் போகும் மின்சாரத்துக்கும் காஸுக்கும் 5 வீத வாட், லெவி விலக்கு. மண்டபத்தைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவது வியாபாரம். அந்தப் பங்கைப் பிரித்துக் காட்டவேண்டும். 60 வீத விதி இங்கும் உண்டு. மடைப்பள்ளி காஸ் பில்லையும் மறக்கவேண்டாம். கூரையில் சோலார் போட யோசிக்கும் கோயில்களுக்கு இன்னொரு செய்தி: முழுக்க அறப்பணிக்கே பாவிக்கும் கட்டடத்தில் சோலார் பொருத்தினால் 2024 பெப்ரவரி 1இலிருந்து வாட் பூச்சியம். இது 2027 மார்ச் 31 வரை. நிர்வாகக் கூட்டத்தில் பேசிப் பேசி வருடத்தைக் கடத்திவிடாதீர்கள்.

புரோக்கரின் போன்

அரசு கொடுப்பதைக் கேட்டு வாங்குவது ஒரு பக்கம். கையில் இருப்பதை விடாமல் பிடிப்பது மறுபக்கம். என் அனுபவத்தில் இந்தப் பக்கத்தில்தான் அதிகம் போகிறது.

கடை திறந்து கொஞ்ச நாளில் போன் வரும். "உங்கள் கம்பனியிலிருந்து பேசுகிறோம், புதுப்பிக்கவேண்டும்" என்பார்கள். பேசுவது பெரும்பாலும் புரோக்கர். கல்லாவில் ஆள் நிற்கிறது, பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டது, போனில் கேட்கிற கேள்விக்கெல்லாம் "யெஸ், யெஸ்". அந்த யெஸ்தான் ஒப்பந்தம். கடைக்கான மின் ஒப்பந்தத்துக்கு எழுத்து வேண்டியதில்லை. பதிவு செய்த குரலே போதும். வீட்டுக்கு இருப்பதுபோல 14 நாளில் மனம் மாறித் திருப்பும் உரிமையும் கடைக்கு இல்லை. இரண்டு, மூன்று வருடம் மாட்டிக்கொள்வீர்கள். "மின்னஞ்சலில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்பதைத் தவிர வேறெதுவும் போனில் சொல்லாதீர்கள். கடையில் வேலைசெய்யும் தம்பி தங்கைக்கும் இதைச் சொல்லி வையுங்கள். மேனேஜர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு யெஸ் சொன்னால் தகராறு நீளும்.

புரோக்கரின் கமிஷன் யூனிட் விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். யூனிட்டுக்கு ஒரு பென்ஸ் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். வருடம் 30,000 யூனிட் ஓடும் கடைக்கு அது 300 பவுண். மூன்று வருடம் என்றால் 900. மிகச் சிறு வியாபாரங்களுக்கு 2022 அக்டோபரிலிருந்தும் மற்ற வியாபாரங்களுக்கு 2024 அக்டோபரிலிருந்தும், கமிஷன் எவ்வளவு என்று ஒப்பந்தத்தின் முக்கிய விதிகளில் காட்டவேண்டும் என்பது விதி. கேளுங்கள். எந்தத் தகராறு தீர்வு அமைப்பில் உறுப்பினர் என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் புரோக்கரோடு பேச வேண்டியதில்லை.

கடை கைமாறும்போது இன்னும் கவனம் தேவை. சாவி வாங்கிய அன்றே எல்லா மீற்றர்களையும் தேதி தெரியப் படம் எடுங்கள். லீஸ் தாளின் பிரதியோடு கம்பனிக்கு அன்றே அறிவியுங்கள். முந்தைய முதலாளியின் கடன் உங்களுடையதல்ல, அதைக் காட்டுவது இந்த இரண்டு ஆதாரங்களும்தான். புது ஒப்பந்தம் போடும்வரை நீங்கள் 'டீம்ட்' விலையில் இருப்பீர்கள். அது பெரும்பாலும் கூடிய விலை. ஆனால் அதிலிருந்து விலக முன்னறிவிப்பும் வேண்டாம், அபராதமும் இல்லை. "மூன்று மாதம் கழித்துத்தான் மாறலாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மின் கம்பனியோடு தகராறு வந்தால்

திடீரென்று "இரண்டு வருடமாகக் குறைத்து பில் போட்டுவிட்டோம், 6,000 பவுண் கட்டுங்கள்" என்று கடிதம் வருவதுண்டு. கட்டுமுன் நீங்கள் எந்த வகை என்று பாருங்கள். பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்து, விற்றுமுதலோ ஐந்தொகையோ (பாலன்ஸ் ஷீட்) 20 லட்சம் யூரோவுக்கு மேற்படாவிட்டால், அல்லது வருடம் மின்சாரம் 1,00,000 யூனிட்டுக்கு மேற்படாவிட்டால், நீங்கள் 'மைக்ரோபிஸ்னஸ்'. நம் கடைகளில் பெரும்பாலானவை இதில் அடங்கும். இந்த வகைக்கு 2018 நவம்பரிலிருந்து ஒரு பாதுகாப்பு உண்டு: கம்பனியின் தவறால் சரியாக பில் போடாமல் விட்ட பாவனையில், பன்னிரண்டு மாதத்துக்கு முந்தியதற்குக் காசு கேட்க முடியாது. நீங்கள் மீற்றர் பார்க்க விடாமல் தடுத்தது போல நியாயமில்லாமல் நடந்திருந்தால் இது பொருந்தாது. பதில் கடிதத்தில் 'பாக்பில்லிங் விதி' என்ற சொல்லை அப்படியே எழுதுங்கள்.

முறைப்பாட்டைக் கம்பனிக்கு எழுத்தில் கொடுத்து, முறைப்பாட்டு எண் வாங்குங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால், அல்லது "இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை" என்ற கடிதம் வந்துவிட்டால், இப்படியான தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சுயாதீன அமைப்பான எனர்ஜி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். செலவு இல்லை. அவர்களின் முடிவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் கம்பனி அதற்குக் கட்டுப்படவேண்டும். முன்பு மைக்ரோபிஸ்னஸுக்கு மட்டும் இருந்த இந்த வழி, 2024 டிசம்பரிலிருந்து ஐம்பது பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் சிறு வியாபாரங்களுக்கும் திறந்திருக்கிறது. இரண்டு மூன்று கிளை வைத்திருப்பவர்களும் இனிப் போகலாம்.

குளிர்பெட்டியை மாற்ற நினைப்பவருக்கு

மளிகைக் கடையின் கரண்டில் பெரும்பங்கு குளிர்பெட்டிக்குத்தான். கதவில்லாத திறந்த பெட்டிகளுக்குக் கண்ணாடிக் கதவு போடுவதும், பழைய பெட்டியை மாற்றுவதும், கண்டென்சர் தூசியைத் தட்டிச் சுத்தமாக வைப்பதும் பில்லில் தெரியும். இதற்கு அரசு தருவது வரிக் கழிவு: ஆனுவல் இன்வெஸ்ட்மென்ட் அலவன்ஸ். வருடம் பத்து லட்சம் பவுண் வரை சாதனம் வாங்கிய முழுச் செலவையும் அந்த வருட இலாபத்திலேயே கழிக்கலாம். 10,000 பவுணுக்குப் பெட்டி வாங்கிய லிமிடெட் கம்பனி, 50,000 பவுணுக்குள் இலாபம் உள்ளது என்றால், 19 வீத வரியில் 1,900 பவுண் மிச்சம். பாவித்த பெட்டிக்கும் இந்தக் கழிவு உண்டு, ரசீது சரியாக இருந்தால் போதும். கையில் காசு கொடுத்துத் துண்டுத்தாளில் எழுதி வாங்கிவந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சோலார் என்றால் கட்டடம் உங்களுடையதா என்பதுதான் முதல் கேள்வி. லீஸில் இருப்பவர் உரிமையாளரின் எழுத்து அனுமதி இல்லாமல் தொடவேண்டாம். இங்கிலாந்தில் கூரைச் சோலார் போட்டதற்காக பிஸ்னஸ் ரேட்ஸ் (கடைக் கட்டடத்துக்குக் கவுன்சிலுக்குக் கட்டும் வரி) ஏறாது, 2035 மார்ச் வரை அந்த விலக்கு இருக்கிறது. மிஞ்சும் கரண்டை விற்க ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் காரண்டி உண்டு. ஆனால் பகல் முழுக்கப் பெட்டிகள் ஓடும் கடையில் விற்க அதிகம் மிஞ்சாது. தானே பாவிப்பதில்தான் இலாபம்.

கவுன்சில்களும் சிலவேளை எல்.ஈ.டி. விளக்கு, காப்பு, குளிர்பெட்டி மாற்றம் போன்றவற்றுக்குப் பாதிச் செலவு மாதிரி மானியம் திறப்பார்கள். காசு தீர்ந்ததும் மூடிவிடுவார்கள். உங்கள் கவுன்சிலின் வியாபாரப் பிரிவு மின்னஞ்சல் செய்தியில் பெயரைப் பதிந்து வையுங்கள். ஒன்று முக்கியம்: இப்படியான மானியங்களுக்கு வழமையாக அனுமதி கிடைத்த பிறகுதான் சாமான் வாங்கவேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் தள்ளிவிடுவார்கள்.

ஏற்கெனவே பாக்கி விழுந்திருந்தால்

கடைக்கு வீட்டைப் போல பாதுகாப்பு இல்லை. பாக்கி நின்றால் கரண்டைத் துண்டிக்க முடியும். மளிகைக் கடைக்கு ஒரு நாள் துண்டித்தாலே பெட்டிக்குள் இருக்கும் மீனும் இறைச்சியும் போச்சு. ஆகவே சிவப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்காதீர்கள். மாதம் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்று கணக்குப் பார்த்து, கம்பனிக்கு அந்தத் தொகையை எழுத்தில் சொல்லித் தவணை கேளுங்கள். கட்ட முடியாத தொகைக்குப் பயத்தில் சம்மதித்துவிட்டு அடுத்த மாதம் தவறினால் நிலைமை இன்னும் மோசமாகும். கிரெடிட் கார்டில் எடுத்துக் கட்டுவதும், சீட்டுக் காசைத் தள்ளிக் கட்டுவதும் வேண்டாம். பிஸ்னஸ் டெட்லைன் என்று ஒரு இலவச ஆலோசனைச் சேவை இருக்கிறது, மணி அட்வைஸ் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு நடத்துவது. காசு கேட்கமாட்டார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் அண்ணைமார், அக்காமார், பேசக்கூடிய பிள்ளையையோ கணக்காளரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு போன் எடுங்கள். எடுக்கும்போது கடைசி பில், பாக்கி விபரம், கடையின் மூன்று மாத பாங்க் ஸ்டேட்மென்ட், லீஸ் வாடகைத் தொகை இவை மேசையில் இருக்கட்டும்.